ஈர்க்கும் பி.சி.ஆரும்

"பிள்ளை, கிணத்துத் தண்ணி மணக்குது."

வீட்டுக்கார அன்ரி இதைச் சொன்னபோது காலை ஆறரை. நான் ஆய்வுகூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். என்ன மணம் என்று கேட்டேன். "காருக்கு அடிக்கிற சாமான் மாதிரி" என்றார். அது 2022 செப்டெம்பர். பெற்றோல் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு எரிந்த காலம்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் கொழும்பிலும் கிணறு இருக்கிறதா என்று ஆச்சரியப்படுவார்கள். காலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கைகளில் பழைய வீடு எஞ்சியிருந்தால் பின்வளவில் அநேகமாக ஒரு கிணறும் இருக்கும். வெள்ளவத்தை என்பதற்குச் சிங்களத்தில் மணல் தோட்டம் என்று பொருள். எங்கள் ஆட்கள் அதில் வெள்ளத்தைத்தான் கேட்கிறார்கள். மே மாதத்தில் அந்த ஒழுங்கைக்குள் நடந்தவர்களுக்கு அதுவும் பிழையாகத் தெரியாது. அன்ரியின் கிணறு ஆழமில்லாதது, கொங்கிறீற் வளையம் இறக்கியது, கால்வாய்க்குக் கிட்ட இருப்பதால் தண்ணீர் எப்போதும் தேநீர்ச் சாயம்போல ஒரு மங்கல் நிறம். குடிக்கவும் சமைக்கவும் பைப் தண்ணீர்தான். பைப் தண்ணீர் நிற்கிற நாட்களில் தோயவும், மற்ற நாட்களில் செவ்வரத்தைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றவும் கிணறு. அன்ரிக்கு அது ஒரு கௌரவமும்கூட. "பிளட்டில இருக்கிறவைக்கு இது இருக்கோ?" என்று கேட்பார்.

எட்டிப் பார்த்தேன். தண்ணீரின்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். எண்ணெய்தான் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. கொழும்பின் செம்பூரான் மண்ணில் இரும்பு அதிகம். இரும்பைத் தின்னும் பற்றீரியாக்களும் இதேமாதிரி மினுங்கும் படலம் போடும். வேறுபடுத்திப் பார்க்க ஒரு சின்ன வித்தை உண்டு. வாளியில் அள்ளி, ஓர் ஈர்க்கால் படலத்தைக் குத்திக் கிளறவேண்டும். இரும்புப் படலம் கண்ணாடி உடைவதுபோலத் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நிற்கும். எண்ணெய் சுழன்று வந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். அன்ரியின் வாளியில் இரண்டும் நடந்தது. ஓரத்தில் உடைந்தது, நடுவில் ஒட்டியது. மூக்கு ஏற்கெனவே சொன்னதை ஈர்க்கும் சொல்லிற்று. முதல் வேலையாகக் கிணற்றடி மோட்டரின் பிளக்கைக் கழற்றினேன். மூடிய கிணற்றுக்குள் பெற்றோல் ஆவி இருக்கும்போது ஒரு பொறி போதும்.

எங்கிருந்து வந்தது? இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பெற்றோல் செட் இருக்கிறது, எல்லோருடைய விரலும் அந்தப் பக்கம் நீண்டது. ஆனால் பின்வளவுக் கொட்டிலைத் திறந்தபோது கதை வேறாக இருந்தது. அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டினார்கள். கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தவர் சின்ன ஜெனரேற்றர் ஒன்று வாங்கியிருந்தார். வரிசையில் நின்று நின்று சேர்த்த பெற்றோலைக் கான்களில் கொட்டிலுக்குள் வைத்திருந்தார். அடியில் இருந்த கானின் மூலை வெடித்திருந்தது. எவ்வளவு போனது என்று அவருக்கே தெரியாது. அவர் வெட்கத்தில் தலை குனிந்து நின்றார். அன்ரி அவருக்கு ஒரு கோப்பை பிளேன்ரீ கொடுத்தார். அந்த வருடம் யாரும் யாரையும் பெரிதாகக் குற்றம் சொல்லவில்லை. எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒரு கான் இருந்தது.

கொட்டிலடி மண்ணை வெட்டி எடுப்பித்தோம். கிணற்றைச் சும்மா விட்டோம். பணம் கட்டித் தண்ணீரை ஓர் இரசாயன ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோம். பெற்றோலில் உள்ள நச்சுப் பொருள் பென்சீன். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வைத்திருக்கும் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். எங்கள் தாளில் இருந்த எண் அதைப் பலமடங்கு தாண்டியிருந்தது. ஒக்டோபர், நவம்பர் என்று மழை அடித்து ஊற்றியது. டிசம்பரில் திரும்பக் கொடுத்தோம். எண் அந்த அளவுக்குக் கீழே வந்துவிட்டது. அன்ரி தாளைச் சாமியறையில் வைத்தார்.

பெப்ரவரியில் வெயில் ஏறியது. கிணற்றில் தண்ணீர் இரண்டு வளையம் இறங்கியது. மணம் திரும்பி வந்தது.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்தப் பெப்ரவரியால்தான். பெற்றோல் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது, மிதக்கும். நிலக்கீழ் நீர் ஏறும்போது அதுவும் மணலோடு ஏறும், இறங்கும்போது மணல் இடுக்குகளில் பூசிக்கொண்டு நிற்கும். அடுத்த மழை அதை மூடும், கரைக்கும், ஐதாக்கும். டிசம்பர்த் தாளில் எண் இறங்கியதற்குக் காரணம் பென்சீன் குறைந்தது அல்ல, தண்ணீர் கூடியது. ஒரு வாளிச் சாயத்தில் பத்து வாளித் தண்ணீர் கலந்துவிட்டுச் சாயம் போய்விட்டது என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். ஆய்வுகூட முத்திரையோடு ஒரு தாளில் வந்தால் சாமியறையில் வைக்கிறோம். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில், "செறிவு குறைந்திருக்கிறது" என்ற ஒற்றை வசனத்தை வைத்துக்கொண்டு ஒரு நிலம் சுத்தமாகிறது என்று சொல்ல முடியாது. நாட்டில் அதைத்தான் அடிக்கடி சொல்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தைப் பற்றி இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. என் சின்னம்மா வீடு அந்தப் பக்கம்தான். மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் கழிவு ஒயில் கலந்த விடயம் 2014, 2015 காலத்தில் பெரும் போராட்டமானது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. இடைப்பட்ட வருடங்களில் ஒன்றோடொன்று ஒத்துவராத அறிக்கைகள் வந்தன. சின்னம்மா பவுசரில் வந்த தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டே பேப்பர் வாசிப்பார். "ஒருத்தன் இருக்கெண்டுறான், ஒருத்தன் இல்லையெண்டுறான். கிணறு என்ன சொல்லுது எண்டு ஒருத்தனும் கேக்கேல்ல." யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் வெடிப்பும் குகையும் நிறைந்தது, இந்த வளவில் எடுத்த தண்ணீருக்கும் அடுத்த வளவில் எடுத்ததற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். மாரி மழைக்கு முன் எடுத்ததும் பின் எடுத்ததும் வேறு. எண்ணை மட்டும் வைத்துச் சண்டை பிடித்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் கிடைக்கும்.

கிணறு என்ன சொல்கிறது என்று கேட்க ஒரு வழி இருக்கிறது. நான் வேலை செய்யும் இடத்தில் அதற்கான மெசின் இருக்கிறது. 2020, 2021இல் இரவிரவாக ஊரின் மூக்குகளை அதில்தான் ஓட்டினோம். பி.சி.ஆர். என்றால் இன்று அன்ரிக்கும் தெரியும். ஆனால் அவரைப் பொறுத்தவரை அது மூக்குக்குள் குச்சி விடுகிற வேலை.

மண்ணுக்குள் பென்சீனும், பெற்றோலில் உள்ள அதன் உறவுப் பொருளான தொலுயீனும் போனால் அவற்றைத் தின்னும் பற்றீரியாக்கள் அங்கே பெருகும். தின்ன ஒரு நொதியம் வேண்டும், நொதியத்துக்கு ஒரு பரம்பரையலகு வேண்டும். எனவே தண்ணீரில் உள்ள டி.என்.ஏ.யை எடுத்து அந்தப் பரம்பரையலகு எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணினால், தின்னக்கூடியவர்கள் எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் என்று தெரியும். பழைய முறையில் தட்டில் வளர்த்து எண்ணிப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். மண்ணிலும் நீரிலும் உள்ளவற்றில் நூற்றுக்கு ஒன்றுகூட எங்கள் தட்டில் வளர்வதில்லை. அவர்களுக்கு எங்கள் சாப்பாடு பிடிப்பதில்லை.

பி.சி.ஆரை 1983இல் கேரி மலிஸ் யோசித்தார், 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மெசினுக்குள் 95 பாகை சூட்டிலும் அவியாமல் வேலை செய்யும் நொதியம் யெலோஸ்ரோன் வெந்நீரூற்றுகளில் தோமஸ் புரொக் 1966இல் கண்டெடுத்த ஒரு பற்றீரியாவிலிருந்து வந்தது. அந்த ஆள் வெந்நீரில் பூச்சி தேடிப் போகாமல் இருந்திருந்தால் எங்கள் கோவிட் இரவுகள் எப்படிப் போயிருக்கும் என்று நான் சிலவேளை நினைப்பதுண்டு. சரி. ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. இரட்டிக்கும், அது கூடக் கூட மெசினுக்குள் ஒளிரும் வெளிச்சமும் கூடும். எத்தனையாவது சுற்றில் வெளிச்சம் மெசினின் கோட்டைத் தாண்டுகிறதோ அதுதான் சி.ரி. பெறுமானம். கோவிட் காலத்தில் இந்தச் சொல்லை வட்சப்பில் பார்த்திருப்பீர்கள். எண் சின்னதென்றால் சரக்கு அதிகம்.

தேடும் பரம்பரையலகைப் பிடித்துக்கொடுக்கும் ப்ரைமர் என்ற சின்ன டி.என்.ஏ. துண்டுகளை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கவேண்டும். டொலர் இல்லாத நாட்டில் அது வந்து சேர்ந்த கதையைத் தனியாக எழுதலாம், எழுதமாட்டேன். இரண்டு பரம்பரையலகுகளைத் தெரிவுசெய்தேன். ஒன்று பி.எஸ்.எஸ்.ஏ. ஒட்சிசன் இல்லாத இடத்தில் தொலுயீனைப் பியூமரேற்று என்ற இன்னொரு சேர்வையோடு ஒட்டவைத்துத் தின்னத் தொடங்கும் நொதியத்துக்குரியது. மற்றது ஒட்சிசன் இருக்கும்போது இந்தப் பொருட்களின் காபன் வளையத்தை உடைக்கும் டைஒட்சிசனேசு வகை. இரண்டும் ஏன் வேண்டும்? பெற்றோல் விழுந்த இடத்தில் முதலில் ஒட்சிசன் தீர்ந்துபோகும். பிறகு நைத்திரேற்று, அதன்பின் மங்கனீசு, இரும்பு, சல்பேற்று என்று ஒவ்வொன்றாய் முடிந்து கடைசியில் மெதேன் கிளம்பும். கிணறு கறல் நிறமாவதும் கூழ்முட்டை மணம் வருவதும் இந்த வரிசையின் அறிகுறிகள். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதற்கு ஏற்ப வேலைக்காரர் மாறுவர்.

ஒரு சனிக்கிழமை, மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, ஐஸ் பெட்டியோடு இறங்கினேன். முதலில் ஒரு மணித்தியாலம் இறைத்துக் கொட்டவேண்டும், இல்லாவிட்டால் கிணற்றில் நின்று பழசான தண்ணீரைத்தான் எண்ணுவோம். மோட்டர் போட முடியாது, வாளியும் கயிறும். கை கொப்பளித்தது. அன்ரியின் கிணற்றில் ஒரு லீற்றர், ஒழுங்கையின் மேல்முனையில் மணம் இல்லாத இன்னொரு கிணற்றில் ஒரு லீற்றர், வெறும் சுத்த நீரில் ஒரு லீற்றர். 0.22 மைக்ரோன் வடியில் வடித்தால் பற்றீரியாக்கள் தாளில் தங்கும். அன்ரியின் தண்ணீர் பாதியிலேயே வடியை அடைத்துவிட்டது. வடித்தாள் பிளேன்ரீ நிறம்.

அந்த நிறத்தைப் பார்த்தே நான் விளங்கியிருக்கவேண்டும். மெசினில் போட்டால் ஒன்றுமே வரவில்லை. நாற்பது சுற்றும் நேர்கோடு. என்னோடு வேலைசெய்யும் மாத்தறைப் பிள்ளை எட்டிப் பார்த்து, "அக்கே, நெகடிவ்" என்றாள், கோவிட் காலப் பழக்கத்தில். அவளுக்கு அது நல்ல செய்தி. எனக்கு வயிறு இறங்கியது. பெற்றோல் மணக்கும் கிணற்றில் பெற்றோல் தின்பவர் ஒருவரும் இல்லையா? பிறகுதான் வேண்டுமென்றே நானே போட்ட அடையாள டி.என்.ஏ.யும் வரவில்லை என்று கண்டேன். என் கையால் போட்டதே தெரியவில்லை என்றால் மெசினின் கண்ணை யாரோ கட்டியிருக்கிறார்கள். உக்கிய இலைகுழையிலிருந்து வரும் ஹியூமிக் பொருட்கள்தான் ஆள். கால்வாயோரச் சேற்று நிலத்தின் தேநீர்ச் சாயம் அதுதான். அது பி.சி.ஆர். நொதியத்தை முடக்கிவிடும். மாதிரியைப் பத்து மடங்கு ஐதாக்கினேன். சாதாரணமாகப் பத்து மடங்கு ஐதாக்கினால் சி.ரி. மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மேலே பிந்தவேண்டும். இங்கே ஒன்றுமில்லாத இடத்தில் அழகான வளைவு எழும்பியது. தண்ணீர் சேர்க்கச் சேர்க்கக் கண் தெளிந்தது.

இதை ஏன் நீட்டுகிறேன் என்றால், இந்த ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாமல் இருந்திருந்தால் "பரம்பரையலகு காணப்படவில்லை" என்று நான் முத்திரை குத்தியிருப்பேன். கொழும்பின் பள்ளமான பகுதிகளில் நிலக்கீழ் நீரை இந்த முறையில் பார்க்கப்போகிறவர்கள் எல்லோரும் முதலில் இந்தச் சாயத்தோடுதான் மல்லுக்கட்டவேண்டும். வெளிநாட்டுக் கையேட்டில் அது ஒரு பந்தி. இங்கே அதுதான் பாதி வேலை.

சரிசெய்து ஓட்டியபோது, ஒட்சிசன் இல்லாத பக்கத்துப் பரம்பரையலகு அன்ரியின் கிணற்றில் 24ஆம் சுற்றிலும் மேல்முனைக் கிணற்றில் 31ஆம் சுற்றிலும் வந்தது. ஏழு சுற்று இடைவெளி. இரண்டை ஏழுதரம் பெருக்கினால் 128. மொத்தப் பற்றீரியாக்களின் எண்ணிக்கையில் இரண்டு கிணற்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதாவது கூட்டம் ஒன்றுதான், அதற்குள் இந்த வேலை தெரிந்தவர்கள் மட்டும் இங்கே நூறு மடங்குக்கு மேல். மழைத் தண்ணீர் கலந்து இதைச் செய்ய முடியாது. பென்சீன் எண்ணை இறக்குகிற மழை இவர்களின் எண்ணையும் சேர்த்து இறக்கத்தான் செய்யும்.

அன்ரிக்குச் சொன்னேன். "அப்ப சுத்தமாகுதோ?"

"சுத்தமாக்கக்கூடிய ஆக்கள் வந்திருக்கினம் அன்ரி."

"வந்தால் காணுமோ? எங்கட கோயில் சிரமதானத்துக்கும் ஆக்கள் வருகினம்தான்."

இதைவிடத் திறமாக இந்தத் துறையின் பெரிய கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. டி.என்.ஏ. என்பது ஆற்றல் மட்டும். செத்த பற்றீரியாவின் டி.என்.ஏ.யும் கொஞ்சக் காலம் கிடக்கும், மெசின் அதையும் எண்ணும். இப்போது வேலை நடக்கிறதா என்று பார்க்க தூது ஆர்.என்.ஏ.யைப் பார்க்கலாம், நொதியம் செய்யச்சொல்லி அந்தக் கணத்தில் எழுதப்படும் கட்டளை அது. ஆனால் அது நிமிடக்கணக்கில் சிதைந்துபோகும். வெள்ளவத்தையிலிருந்து ஆய்வுகூடத்துக்குக் காலைநேர நெரிசலில் போய்ச் சேர்வதற்குள் பாதி போய்விடும். கிணற்றடியிலேயே பதப்படுத்தவேண்டும், எனக்கு அந்தச் சாமான் கிடைக்கவில்லை. இன்னொரு குறையையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்: நான் எண்ணிய பி.எஸ்.எஸ்.ஏ. தொலுயீனுக்குரியது. ஒட்சிசன் இல்லாமல் பென்சீனைத் தின்பது இன்னும் கடினமான வேலை, அதற்கு வேறு வழிமுறை. தொலுயீன் தின்பவர் கூடியதால் பென்சீனும் போகிறது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

எந்தப் பரம்பரையலகை எண்ணுகிறோம் என்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு உலர்சலவைக் கடைகளின் கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. தண்ணீர் போடாமல் கோட்டும் சூட்டும் கழுவப் பயன்படும் பேர்குளோரோஎதிலீன் என்ற திரவம் உலகம் முழுக்க நிலக்கீழ் நீரைக் கெடுத்த ஒன்று. தண்ணீரைவிடப் பாரம் என்பதால் மிதக்காமல் அடிக்கு இறங்கும். ஒரு மூலக்கூறில் நாலு குளோரீன். மண்ணுக்குள் ஒட்சிசன் இல்லாத இடத்தில் சில பற்றீரியாக்கள் அதைச் சுவாசிக்கும், நாங்கள் ஒட்சிசனைச் சுவாசிப்பதுபோல, ஒவ்வொரு குளோரீனாகக் கழற்றும். ஒன்றைக் கழற்றப் பலரால் முடியும். இரண்டைக் கழற்றவும் பலர் உண்டு. மூன்றாவதும் கழன்றால் மிஞ்சுவது வைனைல் குளோரைட்டு. அது மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட பொருள், தொடங்கிய சாமானைவிட மோசம். கடைசிக் குளோரீனையும் கழற்றினால்தான் தீங்கில்லாத எதிலீன். அங்கே வேலை நின்றுபோனால், சுத்தம் செய்யத் தொடங்காமலே விட்டிருக்கலாம் என்ற நிலை.

கடைசிவரை போகக்கூடிய ஒரு பற்றீரியாவை 1997இல் கோர்ணெல் பல்கலைக்கழகத்தவர் அறிவித்தார்கள். இத்தாக்கா நகரின் கழிவுநீர்ச் சேற்றிலிருந்து வந்தது. டெஹாலோகொக்கொயிடிஸ் என்று இன்று எல்லோரும் சொல்வது அந்தக் குடும்பத்தை. மிகச் சின்னது, குளோரீன் ஏறிய பொருட்களைச் சுவாசிப்பதைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாதது. ஆனால் சங்கதி இங்கேதான்: அந்த முதலாவது வகை கடைசிப் படியைத் தன் பிழைப்பாகச் செய்வதில்லை, வேறு வேலையோடு வேலையாக மெல்ல நடக்கும். கடைசிப் படியையே தொழிலாகக்கொண்ட உறவினர்களிடம் வி.சி.ஆர்.ஏ., பி.வி.சி.ஏ. என்ற பரம்பரையலகுகள் இருக்கின்றன. பற்றீரியாவின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு "ஆள் இருக்கிறார்" என்று எழுதினால், வைனைல் குளோரைட்டில் வேலை நின்றுபோகும் இடத்தையும் பாஸ் பண்ணிவிடுவோம். அமெரிக்காவில் இந்தத் துறையில் உள்ளவர்கள் ஒரு கட்டைவிரல் கணக்கு வைத்திருக்கிறார்கள்: லீற்றருக்கு 1 கோடிப் பிரதிக்கு மேல் இருந்தால் எதிலீன்வரை ஒழுங்காகப் போகும் என்று நம்பலாம். அதற்கு மிகக் குறைவென்றால் ஆட்களை வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்குவதா, இருப்பவர்களுக்குச் சாப்பாடு போடுவதா என்று யோசிப்பார்கள். கொழும்பிலும் உலர்சலவைக் கடைகள் எத்தனையோ பத்து வருடங்களாக நடக்கின்றன. அவற்றின் பின்வளவுத் தண்ணீரை ஒருநாள் பார்க்க ஆசை. யாரும் விடமாட்டார்கள்.

ஆட்களை வெளியிலிருந்து இறக்குவது என்றதும் அந்தப் பவுடர்க்காரர் நினைவுக்கு வருகிறார். யாரோ ஒருவரின் மைத்துனர் சொல்லி வந்தவர். "ஒரு பக்கற் போட்டா பதினைஞ்சு நாளில கிளியர், அம்மா." எண்ணெய் தின்னும் பற்றீரியா என்று பக்கற்றில் படம் போட்டிருந்தது, வாய் திறந்த பச்சைப் பூச்சி. எண்ணெய் தின்னும் பற்றீரியாவுக்கு ஒரு பெரிய பெயர் உண்டு. ஆனந்த சக்கரவர்த்தி உருவாக்கிய ஒன்றுக்குக் காப்புரிமை கொடுக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் ஐந்துக்கு நாலு என்று தீர்ப்புச் சொன்னது. சட்டத்தில் அது சரித்திரம். கடலிலோ கரையிலோ அது பெரிதாக இறங்கவே இல்லை. 1989இல் எக்சன் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியபோது கரையில் கைகொடுத்தது அங்கேயே இருந்த பற்றீரியாக்கள். அவர்களுக்குக் காபன் தாராளமாகக் கிடைத்தது, குறைந்தது நைதரசனும் பொசுபரசும்தான். பசளை தெளித்தார்கள். மினசோட்டாவில் பெமிஜி என்ற ஊரருகே 1979இல் குழாய் வெடித்து மண்ணுக்குள் போன எண்ணெயை இன்றுவரை ஆராய்கிறார்கள். அங்கேயும் வேலையின் பெரும்பங்கு ஊர்க்காரர்களுடையது.

பவுடர்க்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "அண்ணை, உங்கட பக்கற்றில இருக்கிற பற்றீரியாவின்ர பெயர் என்ன? போட்டு ஒரு மாதத்தால அது உயிரோட இருக்குதோ எண்டு நான் எண்ணிப் பாக்கிறன்." அவர் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பினார். அன்ரிக்கு என்மேல் கொஞ்சம் மனவருத்தம். பவுடர் விலை குறைவு, நான் போட்ட செலவு கூட.

மே மாதம் நான் ஊரில் நின்ற சமயம், கீழ்வீட்டுக்காரர் தன் பிராயச்சித்தமாக ஒரு காரியம் செய்தார். மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் பம்ப் ஒன்றை வாங்கி, பம்பை வீட்டுக்குள் வைத்து, குழாயை மட்டும் கிணற்றுக்குள் இறக்கிவிட்டார். யூரியூப்பில் பார்த்தாராம். இரண்டு கிழமையில் மணம் நின்றுவிட்டது. நான் திரும்பி வந்தபோது வீட்டில் வடை சுட்டிருந்தார்கள்.

வடையைத் தின்றுகொண்டே நான் ஆராய்ச்சி பேசியது மரியாதையில்லைதான். ஆனால் பென்சீன் ஆவியாகும் பொருள். குமிழி விட்டால் தண்ணீரைவிட்டுக் காற்றில் ஏறிவிடும். அதைப் பற்றீரியா தின்றதா, நாங்கள் சுவாசித்தோமா? இரசாயனத் தாளுக்கு இரண்டும் ஒன்றுதான், எண் இறங்கும். ஜூனில் மாதிரி எடுத்தேன். இந்தமுறை ஒட்சிசன் பக்கத்துப் பரம்பரையலகு முந்தியதைவிட நாலு சுற்று முன்னதாக வந்தது, பதினாறு மடங்கு. ஒட்சிசன் இல்லாத பக்கம் சற்றுப் பின்வாங்கியிருந்தது. குழாய் கிணற்றுக்குள் ஒட்சிசனைக் கொண்டுபோயிருக்கிறது, அதற்கேற்ற ஆட்கள் பெருகியிருக்கிறார்கள். பங்கு எவ்வளவு வாய்க்குப் போனது, எவ்வளவு காற்றுக்குப் போனது என்பதைப் பிரித்துப் பார்க்க இன்னொரு முறை இருக்கிறது. காபனில் 12, 13 என்று இரண்டு நிலையான சமதானிகள், அதாவது பாரம் மட்டும் வேறான அணுக்கள். பற்றீரியா பிணைப்பை உடைக்கும்போது பாரம் குறைந்த 12ஐச் சற்று விருப்பமாக உடைக்கும், மிஞ்சிய பென்சீனில் 13இன் பங்கு கூடும். ஆவியாகும்போதும் ஐதாகும்போதும் இந்த விகிதம் பெரிதாக அசைவதில்லை. அதை அளக்கும் கருவி என் கைக்கு எட்டவில்லை. பரம்பரையலகு, இரசாயன எண், சமதானி மூன்றையும் ஒரே கிணற்றில் ஒரே நாளில் எடுத்தால்தான் நான் வாய்திறந்து சொல்வேன். என்னிடம் இருப்பது ஒன்றரை.

கிணறு என்பதே இதற்குச் சரியான இடமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பற்றீரியாக்களில் அநேகம் மணல்பருக்கையில் ஒட்டிக்கொண்டு இருக்கும், தண்ணீரோடு மிதந்து வருவது கொஞ்சம். ஒழுங்காகச் செய்வதென்றால் கொட்டிலிலிருந்து தண்ணீர் ஓடும் திசையில் மூன்று நாலு சின்னக் குழாய்களை இறக்கி, மழைக்கு முன்னும் பின்னும் வருடம் முழுக்க எடுக்கவேண்டும். ஒரு வீட்டுக் கிணற்றுக்கு இது பைத்தியக்காரத்தனம். நூறு கிணறு கெட்ட ஊருக்கு இல்லை. கோவிட்டுக்காக வாங்கிய மெசின்கள் இப்போது பல இடங்களில் துணி போர்த்திக்கொண்டு நிற்கின்றன. மூக்கைத் தவிர வேறு எதையும் அவற்றுக்குக் கொடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

போன கிழமை அன்ரி மேல்மாடிப் படியில் நின்று கேட்டார். "பிள்ளை, உள்ளதைச் சொல்லு. தோயலாமோ?"

"இப்ப வேண்டாம் அன்ரி. பெப்ரவரி வெயிலில ஒருக்கா பாப்பம்."

"செவ்வரத்தைக்கு?"

"அதுக்கு ஊத்துங்கோ."

அவர் கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினார். முதல் வாளியை ஊற்றுமுன் குனிந்து, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, தண்ணீரின்மேல் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். படலம் உடைந்து அப்படியே நின்றது. எனக்குப் பெப்ரவரிக்கு முன் இன்னொரு தொகுதி ப்ரைமர் எடுப்பிக்கவேண்டும்.